பேத்தியின் ரத்தப் பரிசோதனைத் தாளும் என் தவறும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பழைய புதுச்சேரிக் கதைகளைத்தான் எழுதுவேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், நகராட்சி அலுவலகம், கடற்கரையில் மாலை நடை என்று ஓடும். இந்த முறை ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பற்றி எழுதுகிறேன். பேரன் பேத்தி உள்ளவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். என் மகள்தான், "எழுதுங்கப்பா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றாள்.

என் வேலை என்ன என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கு மேல் தாள்களோடுதான் வாழ்க்கை. அதனால் எங்கள் தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். வங்கிக் கடிதம், பென்ஷன் உத்தரவு, பிரான்சிலிருந்து வரும் காகிதம், இப்போது லேப் ரிப்போர்ட். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

என் மகள் கடலூரில் இருக்கிறாள். அவளுடைய பெண்ணுக்கு அப்போது ஏழு வயசு இரண்டு மாதம். ஒரு நாள் குளிப்பாட்டும்போது குழந்தையின் மார்பில் சின்னதாக ஒரு கட்டி போலக் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. பயந்துபோய் வீட்டுக்குப் பக்கத்தில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனாள். அவர் சில ஹார்மோன் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொடுத்த மறுநாள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்டர் நாலு நாள் ஊரில் இல்லை. மகள் அதை அப்படியே எனக்கு அனுப்பி, "அப்பா, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். எல்.எச். என்ற ஹார்மோன் 1.4 என்று இருந்தது. பக்கத்திலேயே நார்மல் அளவு 1.9 முதல் 12.5 வரை என்று போட்டு, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. குறைவு என்று அர்த்தம். அடுத்தது ஈஸ்ட்ரடயால், 24. அதற்கு நார்மல் 19.5 முதல் 144 வரை. அம்பு எதுவும் இல்லை. நான் கணக்குப் போட்டேன்: ஒன்று குறைவு, ஒன்று நார்மல், எதுவுமே அதிகம் இல்லை. பெண் குழந்தை சீக்கிரம் பெரியவளாகிவிடுமோ என்பதுதானே கவலை? ஹார்மோன் அதிகமாக இருந்தால்தானே பயப்பட வேண்டும்? "ஒண்ணும் இல்லம்மா, குறைவாத்தான் இருக்கு, நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டேன். என் மனைவியும், "சத்தான சாப்பாடு, பிள்ளை நல்லா வளருது" என்றாள். மகள் அந்தத் தாளை டாக்டரிடம் திரும்பக் காட்டவே இல்லை. தாத்தாவே பார்த்துச் சொன்ன பிறகு எதற்கு?

ஆறு மாதம் ஓடியது. ஜூனில் தைத்த பள்ளிக்கூடப் பாவாடை டிசம்பரில் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. ஆறு மாதத்தில் ஐந்து சென்டிமீட்டர். அந்த வயசுக் குழந்தை ஒரு வருஷத்தில் வளர வேண்டிய அளவு அது. இந்த முறை குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன், பழைய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு.

அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். எல்.எச். வரியில் அச்சடித்திருந்த அளவை அடித்துவிட்டுப் பக்கத்தில் "0.3க்குக் கீழே" என்று எழுதினார். "இன்னும் பருவம் தொடங்காத குழந்தைக்குப் பொதுவா இதுதான் அளவு. இவளுக்கு 1.4 இருந்திருக்கு. இது குறைவு இல்லைங்க ஐயா, நாலு மடங்குக்கு மேல அதிகம். ஈஸ்ட்ரடயாலும் இந்த வயசுக்கு அதிகம்தான்" என்றார். பிறகு குழந்தையின் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்போது அவளுக்கு ஏழு வயசு எட்டு மாதம். எலும்பின் வயசு பத்து என்று வந்தது. "ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். மகள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் குழந்தைக்கு எட்டு வயசுக்கு முன்னும், ஆண் குழந்தைக்கு ஒன்பது வயசுக்கு முன்னும் பருவ மாற்றங்கள் தொடங்கினால் அது முன்கூட்டிய பருவம். கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட குழந்தை முதலில் வேகமாக வளரும். வகுப்பிலேயே உயரமாகத் தெரியும். பார்ப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொள்வதால் பெரியவளான பிறகு உயரம் குறைந்துபோகலாம். உயரத்தை விடுங்கள், இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை மாதவிலக்கை எப்படிச் சமாளிக்கும்? நேரத்தோடு கண்டுபிடித்தால் அதை நிறுத்திவைக்க ஊசி இருக்கிறது. என் பேத்திக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது போடப்படுகிறது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தாவாகப் படித்தேன். எல்.எச். வரிக்குக் கீழே நாலு அளவுகள் அச்சடித்திருந்தார்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று, மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு ஒன்று. என் மனைவிக்குக்கூட அதில் ஒரு வரி இருந்தது. ஏழு வயசுக் குழந்தைக்கு இல்லை. கம்ப்யூட்டர் தானாகவே முதல் வரியை எடுத்துக்கொண்டு என் பேத்தியை அதோடு ஒப்பிட்டு அம்பு போட்டுவிட்டது. தாளின் தலைப்பில் "வயது 7" என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. தலைப்பில் இருந்த வயதை அந்த வரி பார்க்கவே இல்லை. நானும் பார்க்கவில்லை.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். எவனாவது "இது பெரிய எண்", "இது சின்ன எண்" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே "பார் ரப்போர் ஆ குவா?" என்பார். எதோடு ஒப்பிட்டு என்று அர்த்தம். பதில் சொல்லும்வரை உட்கார விடமாட்டார். அறுபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்தக் கேள்வியை அன்று ராத்திரி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்த நார்மல் அளவு என்பது எப்படி வருகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஆரோக்கியமான பலருடைய ரத்தத்தைப் பரிசோதித்து, மிகக் குறைந்த இரண்டரை சதவீதத்தையும் மிக அதிகமான இரண்டரை சதவீதத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ஆக, ஒரு நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஓர் ஆரோக்கியமான ஆளுக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது வெளியே விழுவதற்கு 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே கதை இப்படி. அந்த ஆரோக்கியமான பலர் எல்லோரும் பெரியவர்களாக இருந்து, ஒப்பிடப்படுவது குழந்தையாக இருந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

குழந்தையின் ஹார்மோன்கள் பெரியவர்களுடையவை போல ஒரே நிலையில் நிற்பதில்லை. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

தைராய்டுக்கான டி.எஸ்.எச். எல்லோருக்கும் தெரிந்தது. நம்மில் பாதிப் பேர் காலையில் அதற்கு மாத்திரை போடுகிறோம். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. பிறந்த குழந்தைக்கு முதல் அரை மணி நேரத்தில் அது 60, 80 வரைகூட ஏறிவிட்டுப் பிறகு இறங்கும். கதகதப்பான வயிற்றிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்த குழந்தையின் உடம்பு செய்யும் வேலை அது. அதனால்தான் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தைக் கூடுமானவரை இரண்டு நாள் கழித்து எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய பேரனுக்குப் பிறந்த மறுநாளே எடுத்துவிட்டார்கள். 28 என்று வந்தது. பக்கத்தில் நார்மல் 4 வரை என்று பார்த்துவிட்டு அந்த வீடே சாப்பிடாமல் கிடந்தது. ஐந்தாம் நாள் திரும்ப எடுத்ததில் சரியாக இருந்தது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. பிறவியிலேயே தைராய்டு குறைபாடு உள்ள குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்காவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். திரும்பப் பரிசோதித்தே ஆக வேண்டும். எத்தனை மணி நேரக் குழந்தை என்பது தெரியாமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

எங்கள் ஊரின் பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேடுகளில் தேதியோடு குழந்தை பிறந்த மணியையும் எழுதுவார்கள். பிரெஞ்சுச் சட்டம் அப்படிக் கேட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணியை வைத்து யாருக்கு என்ன லாபம், ஜாதகம் எழுதுகிறவருக்குத்தான் உபயோகம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிக்க மாட்டேன்.

ஆண் குழந்தை சமாசாரம் இன்னும் வேடிக்கை. பிறந்து ஒன்று முதல் மூன்று மாதத்தில் அவனுடைய டெஸ்டோஸ்டிரோன் 200, 300 வரை போகும். பருவம் தொடங்கிய பையனுக்கு இருக்கும் அளவு அது. ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். பிறகு பத்துப் பன்னிரண்டு வயசு வரை 20ஐக்கூடத் தொடாது. பெரிய ஆணுக்கு 300 முதல் 1000 வரை. இப்போது ஒன்பது வயசுப் பையனின் தாளில் பெரியவர் அளவைப் போட்டால் என்ன ஆகும்? கீழ்நோக்கி அம்பு. "பிள்ளைக்கு ஆண் ஹார்மோன் இல்லையாம்" என்று தாய் அழ, வைத்தியம் தேடி ஊர் ஊராகப் போவார்கள். அந்தப் பையனுக்கு ஒன்றுமே இல்லை. அவன் ஒன்பது வயசுப் பையன், அவ்வளவுதான்.

உயரம் போதவில்லை என்று போகும் பிள்ளைகளுக்கு ஐ.ஜி.எஃப்-1 என்று ஒன்று பார்ப்பார்கள். சின்ன வயசில் குறைவாக இருந்து, பதினான்கு பதினைந்து வயசை ஒட்டி உச்சிக்குப் போய், பிறகு வாழ்நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வருவது அது. 150 என்ற எண் ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தாராளம். பதினைந்து வயசுப் பையனுக்குப் போதாது. கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு வயசோடு மணியும் வேண்டும். காலை எட்டு மணிக்கு எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒன்றல்ல. பச்சைக் குழந்தைக்கோ அந்தக் காலை மாலை வித்தியாசமே இன்னும் ஏற்பட்டிருக்காது.

வயசு மட்டும் போதுமா என்றால், பருவ வயசில் அதுவும் போதாது. பதின்மூன்று வயசுப் பையன்கள் இருவரை நிறுத்துங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் பால்முகம். இருவரும் நார்மல்தான், ஆனால் ஹார்மோன் அளவு வேறு வேறு. இதற்காகத்தான் டானர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பருவ வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். 1969, 1970ஆம் ஆண்டுகளில் மார்ஷல் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைகளை ஒட்டித்தான் இன்றைக்கும் டாக்டர்கள் குழந்தையைப் பார்த்து எந்தப் படி என்று எழுதுகிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் என்ன செய்தார்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயசு. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தொட்டவனுக்கு ஜூன் மாதத்தில் ஒரு தேதியை அவரே போட்டார். ஜூனில் பிறந்தநாள் உள்ள என் வயசுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். தேதி பொய்யாக இருக்கலாம், கை பொய் சொல்லவில்லை. இன்றைய எலும்பு எக்ஸ்ரேயும் அதே மாதிரிதான், கையைப் பார்த்து உடம்பின் வயசைச் சொல்கிறது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். குழந்தையின் ஹார்மோன் பரிசோதனைத் தாளில் அந்தக் குழந்தையின் வயசுக்கும் பாலுக்கும் உரிய அளவை அச்சடிக்க வேண்டும். அப்படி ஓர் அளவு அந்த லேபிடம் இல்லை என்றால் பெரியவர் அளவைப் போடாமல் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். காலியாக இருந்தால் கேள்வி கேட்போம். தப்பான எண் இருந்தால் நம்பிவிடுவோம். நான் நம்பினேன்.

இதற்கு வரும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, "தாளை டாக்டர்தானே படிக்கணும், நீங்கள் ஏன் படிக்கிறீர்கள்?" நியாயம்தான். ஆனால் இன்றைக்குத் தாள் டாக்டருக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அம்பு போடுவதே படிக்கிறவனுக்கு வழிகாட்டத்தானே? ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் டாக்டரின் கண்ணும் அம்பு இருக்கும் இடத்தில்தான் முதலில் நிற்கும். தாளின் அடியில் பொடி எழுத்தில், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. அலுவலகத்தில் நாங்களும் இப்படிப்பட்ட வரிகளை நிறைய எழுதியிருக்கிறோம். பொறுப்பை அடுத்த மேசைக்குத் தள்ளுகிற வரி அது.

இரண்டாவது, குழந்தைகளுக்கான அளவைத் தயாரிப்பது கஷ்டம் என்பது. இது உண்மை. ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும் என்பது ஆய்வுக்கூட விதி. எட்டு வயசுப் பிரிவு, ஆண் பெண் என்று இரண்டு, பெருக்கிப் பாருங்கள்: 1,920 பிள்ளைகள். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் ஊசி குத்த எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆனாலும் செய்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையை மையமாக வைத்து, காலிபர் என்ற திட்டத்தில் ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ரத்தத்தைச் சேகரித்து வயசுவாரியாக அளவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு லேபும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வேறிடத்தில் தயாரான அளவை எடுத்து, தங்கள் மெஷினுக்கும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறதா என்று 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் சரிபார்த்துக்கொள்ள முறை இருக்கிறது. மெஷினுக்கு மெஷின் எண் மாறும் என்பதால் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துப் போடக் கூடாது. 1,920 முடியாது, சரி. 20 முடியாதா?

உயரத்துக்கும் எடைக்கும் இதை நாம் செய்துவிட்டோமே. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே 5 முதல் 18 வயசு வரை வளர்ச்சி வரைபடம் வெளியிட்டது. ஐந்து வயசுக் குழந்தையின் உயரத்தை என் உயரத்தோடு ஒப்பிட்டுக் குள்ளம் என்று எழுதினால் ஊரே சிரிக்கும். ரத்தத்தில் அதையே செய்கிறோம், யாரும் சிரிப்பதில்லை.

லேபுகள் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியது சில உண்டு. ரத்தம் கொடுக்கும்போது குழந்தையின் பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் எத்தனை நாள் என்றும் சொல்லுங்கள். ரத்தம் எடுத்த மணி தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் அளவு குழந்தையின் வயசுக்கு உரியதுதானா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். இரண்டாம் முறை எடுப்பதானால் கூடுமானவரை அதே லேபில் எடுங்கள். அம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாளை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் திரும்பக் கொண்டுபோங்கள். கடைசியாக, ஓய்வுபெற்ற குமாஸ்தா தாத்தாவிடம் காட்டி முடித்துவிடாதீர்கள்.

பேத்திக்கு இப்போது ஒன்பது வயசு. வளர்ச்சி வேகம் மட்டுப்பட்டிருக்கிறது. இன்னும் சுமார் இரண்டு வருஷம் ஊசி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு மாதத்தில் எத்தனை சென்டிமீட்டர் போயிற்று என்று நான் கேட்டேன். அதை அப்படிக் கணக்குப் போட முடியாது என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பேரனின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "பையனுக்கு என்ன வயசு, இந்த அளவு யாருக்குப் போட்டது, ரெண்டையும் லேபில் கேட்டுவிட்டு டாக்டரிடம் போங்க" என்று அனுப்பிவைத்தேன். கொஞ்சம் வருத்தப்பட்டார். பரவாயில்லை.

உங்கள் ஊர் லேபில் குழந்தைகளுக்கு வயசுவாரி அளவு போடுகிறார்களா? பீரோவில் பழைய தாள் இருந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.